பற்றாசும் பொறுமையும்

யாப்பிலக்கணம் பயின்றோர் ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்னும் பெயரை அறிவர். வெண்பாவின் முதற் குறட்பாவுக்கும் அதன்பின் வரும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை ஒட்டாது விட்டிசைக்குமிடத்து, ஓரசையோ ஈரசையோ சேர்த்து அவ்விடைவெளியை நிரப்புவது புலவர் மரபு. அங்ஙனம் சேர்க்கப்படும் அசைக்கு ‘ஆசு’ என்று பெயர். பொற்கொல்லர் இரண்டு பொற்றுண்டுகளைப் பொருத்துமிடத்து இடையில் இடும் பற்றாசு போன்றது அது என உரைகாரர் விளக்குவர். பட்டறையிலிருந்து பாட்டுக்கு வந்த சொல் அது.

பள்ளியிலே கற்ற இவ்விளக்கம் நெடுங்காலம் என் நினைவில் வெறுஞ் சொல்லாகவே கிடந்தது. யாழ்ப்பாண நகரிலே, கன்னாதிட்டிக்கு அண்மையில், கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடையொன்றில் மூன்று மாலைப் பொழுதுகளைக் கழிக்க நேர்ந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு உள்ளபடி புலப்பட்டது. அங்கு கண்டதை வாசகரோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

கிணற்றடியில் நேர்ந்தது

எங்கள் ஊரிலே அண்ணாவியார் ஒருவர் இருந்தார். காத்தவராயன் கூத்தின் பாடல்களை ஏடு பாராமல் விடியும்வரை பாட வல்லவர். எண்பது வயதைக் கடந்து, களரிக்கு வர இயலாது அவர் வீட்டோடு இருந்த காலத்தில், அவருடைய திண்ணையிலே பல மாலைகள் அமர்ந்து, அவர் பாடியவற்றை எனது கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டேன். பிரதியொன்று எடுத்து வேறிடத்தில் வைக்கவேண்டும் என்ற எண்ணம் இல்லாமலில்லை. நாளை, நாளை என்று நாட்கள் கழிந்தன. அண்ணாவியார் காலமானார். அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமைகூடச் செல்லவில்லை. சட்டைப் பையிலிருந்த தொலைபேசி, கிணற்றடியில் நீர் நிறைந்த வாளிக்குள் விழுந்துவிட்டது.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். பின்னர் மின்னேற்றிப் பார்த்தேன். இரண்டுமே தவறு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அரிசி வெளியீரத்தைச் சிறிது உறிஞ்சலாம். உள்ளே நடக்கும் கேட்டைத் தடுக்க அதனால் ஆகாது. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் உப்புக்கள் கரைந்திருக்கும். அந்நீரினூடே மின்னோட்டம் பாயும்போது செம்புத் தடங்கள் அரிக்கப்பட்டுப் பச்சைக் களிம்பு படர்கிறது. நூலோர் அடிக்கடி உவமையாக எடுத்தாளும் ‘செம்பிற் களிம்பு’ அதுவே. நீரில் விழுந்த தொலைபேசியை உடனே அணைத்து, இயலுமாயின் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, மின்னேற்ற முயலாது திருத்துவோரிடம் கொண்டு செல்வதே தக்க வழியாகும்.

முதலில் நான் கொண்டுசென்ற கடையிலே அதனைத் திறந்து, எதையோ கிண்டிப் பார்த்து, “இனி ஒன்றும் செய்ய ஏலாது, புதிதாக ஒன்று வாங்குங்கள்” என்று திருப்பித் தந்துவிட்டனர். தொலைபேசி போனாற் போகட்டும், அண்ணாவியாரின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

இரண்டாவதாகச் சென்ற இடமே மேலே கூறிய சிறு கடை. நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டும். மேசைமீது நுணுக்குக்காட்டியொன்று, அதன் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர். நான் வந்த வரலாற்றை முழுவதும் கேட்டார்.

“தம்பி, நினைவகச் சிப்பை மட்டும் கழற்றி வேறொரு தொலைபேசியில் வைத்துப் படிக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“ஏலாது ஐயா. அதிலே எழுதியிருப்பதெல்லாம் பூட்டிய எழுத்து. திறப்பு பக்கத்திலே இருக்கிற மற்றச் சிப்புக்குள்ளே. இரண்டும் இந்தப் போட்டிலேயே உயிரோடு இருந்தால்தான் குரல் கேட்கும். போட்டை எழுப்பிப் பார்க்கத்தான் வேண்டும்” என்றார்.

இக்காலக் கைத்தொலைபேசிகளிற் பெரும்பாலானவை அவ்வாறே அமைந்தவை. திருடரிடமிருந்து செய்திகளைக் காக்கும் அந்தப் பூட்டு, உரியவனையும் சில வேளைகளில் வெளியே நிறுத்திவிடுகின்றது.

துளை போய்த் தளம் வந்த கதை

பழைய திரான்சிஸ்ரர் வானொலிப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தடையி, கொள்ளளவி, திரான்சிஸ்ரர் முதலிய உறுப்புக்கள் நீண்ட கம்பிக் கால்களோடு நின்றுகொண்டிருக்கும். அக்கால்கள் மின்சுற்றுப் பலகையின் துளைகளினூடே மறுபுறம் சென்று அங்கே பற்றாசினால் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று பழுதாயின், பற்றாசுக்கோலைச் சூடாக்கித் தொட்டு, காலைப் பிடித்து இழுத்து, புதியதொன்றை நுழைப்பது பழகியவர்களுக்கு எளிது. 1990களின் முற்பகுதியில், மின்சாரமும் மின்கலங்களும் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு அத்தகைய திருத்த வேலைகள் புதியனவல்ல.

இன்றைய பலகைகளில் அக்கால்களும் இல்லை, துளைகளும் இல்லை. உறுப்புக்கள் பலகையின் மேற்பரப்பிலுள்ள சின்னஞ்சிறு செம்புத் தளங்களின் மீது நேரே அமர்ந்திருக்கின்றன. இம்முறை நாம் எண்ணுவதைவிடப் பழையது. ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் இதனைக் கையாண்டது. 1969 இல் மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய சற்றேண் ஏவூர்தியை வழிநடத்திய கணினியில் இவ்வாறு ஒட்டிய உறுப்புக்கள் இருந்தன. 1980களிற் பரவலாகி, பின்னர் எங்கும் இதுவே வழக்காயிற்று. துளையில்லாமையால் பலகையின் இருபுறமும் உறுப்புக்களை நெருக்கி வைக்கலாம். யாவற்றையும் பொறிகளே செய்துவிடலாம். கூழ் போன்ற பற்றாசுப் பசையைத் துளைத்தகட்டினூடே தளங்களின்மீது பூசுவதும், மணிக்குப் பல்லாயிரம் உறுப்புக்களை எடுத்து இடமறிந்து வைப்பதும், நீண்ட சூளையினூடே செலுத்திப் பசையை உருக்கி ஒட்டுவதும் எல்லாம் பொறிகளே.

சிறுமை எத்தகையது என்று நோக்குக. ஒரு மில்லிமீற்றர் நீளமும் அரை மில்லிமீற்றர் அகலமும் உடைய கொள்ளளவியைப் பெரியது என்று சொல்லும் காலம் இது. 0.6 மில்லிமீற்றர் நீளமும் 0.3 மில்லிமீற்றர் அகலமும் உடையவை தொலைபேசிகளில் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றின் அருகே வைத்தால் கடுகு பூசணிக்காயாகத் தோன்றும். இவ்வளவு சிறியதைக் கை தொடவே கூடாது என்பது போலப் பொறி செய்து முடிக்கின்றது. ஆனால் அது பழுதுற்ற அன்று மறுபடியும் மனிதனுடைய கைக்குத்தான் வருகின்றது.

புகையிட்டு நோய் கண்டது

இளைஞர் முதலிற் பலகையை மதுசாரத்திற் கழுவி, மென்தூரிகையாற் களிம்பைத் தேய்த்து நீக்கினார். பிறகு அளவுமானியின் முட்களை மின்கலத் தடத்தில் வைத்தபோது கருவி கீச்சிட்டது.

“சோட் ஆகியிருக்கிறது, ஐயா. மின்சாரம் போகவேண்டிய வழியாகப் போகாமல், எங்கேயோ நேரே நிலத்துக்கு இறங்குகிறது. எந்தக் கப்பாசிற்றர் என்றுதான் தெரியவேண்டும்.”

ஒரே தடத்தில் ஒன்றையொன்று ஒத்த பல கொள்ளளவிகள் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று உட்பிளந்து கம்பித் துண்டுபோல் ஆகிவிட்டாற் போதும். எல்லாமே பழுதுற்றன போலக் காட்டும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட வழி என்னை வியக்கச் செய்தது. ஊசியிலை மரப்பிசினைச் சூடேற்றிக் கிளம்பிய புகையைப் பலகைமீது படரவிட்டார். மார்கழிப் பனி விழுந்த புற்றரைபோலப் பலகை வெளுத்தது. பின்னர், மேசையிலிருந்த மின்வழங்கியிலிருந்து மிகக் குறைந்த அழுத்தத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். சில கணங்களில், வெண்பரப்பின் நடுவே ஒரு புள்ளி மட்டும் உருகித் தெளிந்தது. வழிதவறிய மின்னோட்டம் அங்கே வெப்பமாக மாறியிருந்தது. நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்கவைத்து, “இவர்தான் ஆள்” என்றார்.

கழற்றும் கலை

கண்டுபிடித்தபின் அதனைச் சாமணத்தாற் பிடித்து இழுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். முன்னைய கடையில் அதைத்தான் செய்திருந்தனர். அருகிலிருந்த வேறொரு சிற்றுறுப்பைச் சூடு போதாமலே பிடுங்கியதால், அதனடியிலிருந்த செம்புத் தளமே பெயர்ந்து வந்துவிட்டது. தாள் போன்று மெல்லிய அச்செம்பு, பலகையோடு பசையினாலேயே பிடித்திருக்கின்றது. பற்றாசு முற்றாக உருகுமுன் விசை கொடுத்தால், பற்றாசு விடாது, தளம்தான் விடும். இத்தொழிலிலே மிகப் பெரும் பிழை அதுவே எனலாம். உறுப்பு போனால் இன்னொன்று வாங்கலாம்; பலகையின் தளம் போனாற் கடையில் வாங்க இயலாது.

எனவே, கழற்றுதல் என்பது இழுத்தலன்று, காத்திருத்தலே. முதலில் ‘பிளக்ஸ்’ என்று தொழிலாளர் வழங்கும் பசையை உறுப்பைச் சூழத் தடவினார். சூடேறிய உலோகம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஒட்சைட்டுப் படலம் கொள்ளும். அப்படலம் இருக்கும்வரை பற்றாசு ஈரமாகப் பரவாது. தாமரையிலை நீர்போல் உருண்டு நிற்கும். பிளக்ஸ் அப்படலத்தைக் கரைத்து நீக்கி உலோகத்தைத் தூய்மையாக்குகின்றது. பிறகு வெப்பக் காற்றை ஊதும் குழாயைப் பலகைக்கு மேலே சிறிது உயரத்திற் சுழற்றிச் சுழற்றிப் பிடித்து, முதலிற் சுற்றுப்புறத்தையும் பின்னர் அவ்விடத்தையும் சூடாக்கினார். திடீரென ஒரே இடத்திற் கடுஞ்சூடு கொடுத்தால் பீங்கானாலாய கொள்ளளவி பிளந்துபோகும். ஈரத்தை உட்கொண்ட சிப்பு, உள்ளே நீராவி உண்டாகிச் சோளப்பொரிபோல் வெடிக்கவுங் கூடும்.

பற்றாசு மங்கலாக இருந்தது. பின்னர், கண்ணிமைக்கும் நேரத்தில், அது கண்ணாடிபோல் மினுங்கிற்று. அந்தக் கணத்திற்குத்தான் அவர் காத்திருந்தார். சாமணத்தால் தொட்டு மேலே எடுத்தார். பூவைக் கொய்வதுபோல் அது வந்தது.

அக்கணம் எப்போது வரும் என்பதை வெப்பமானி மட்டும் சொல்லிவிடாது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். ஈயம் உடலுக்குக் கேடு என்பதால், 2006 யூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இலத்திரனியற் கருவிகள் பெரும்பாலானவற்றில் அதனைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் வெள்ளீயத்தோடு 3 வீதம் வெள்ளியும் 0.5 வீதம் செம்பும் சேர்ந்த கலவை பெரு வழக்காயிற்று. அது உருக 217 பாகை முதல் 220 பாகை வரை வேண்டும். இந்த முப்பத்தைந்து பாகை வேறுபாடு தாளிலே சிறிது, கையிலே பெரிது. அத்துடன், பலகையின் உள்ளே செம்புப் படைகள் பல உள்ளன. அவை கொடுக்கும் சூட்டையெல்லாம் குடித்துவிடும். இதற்கு ஓர் உபாயமும் உண்டு. பிசுமது கலந்த பற்றாசு 138 பாகையிலேயே உருகும். அதனைப் பழைய பற்றாசோடு கலந்துவிட்டால் உருகுநிலை தாழ்ந்து, உறுப்பு எளிதிற் கழன்றுவிடும். ஆனால், கழற்றிய பின் அக்கலவையை எஞ்சவிடாது துடைத்தெடுத்தல் வேண்டும். எஞ்சினால் புதிய ஒட்டு வலுக்குன்றும்.

பற்றாசே பணி செய்கின்றது

ஒட்டும் வேலை இரண்டாம் மாலை நடந்தது. செம்பு இழைகளாற் பின்னிய நாடாவை வைத்துக் கோலால் அழுத்த, பழைய பற்றாசை அந்நாடா விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டது. தளங்களுக்குப் புதிய பற்றாசை மெல்லெனப் பூசி, பிளக்ஸ் தடவி, பயனற்றுப்போன வேறொரு தொலைபேசியிலிருந்து எடுத்த கொள்ளளவியை அவர் அதன்மேல் வைத்தார். சற்றுக் கோணலாகவே வைத்தார். நான் சுட்டிக்காட்டியபோது, “பொறுங்கோ ஐயா, அது தானே போய் இருக்கும்” என்றார்.

வெப்பக் காற்றுப் பட்டதும் பற்றாசு உருகிற்று. கோணலாகக் கிடந்த அச்சிறு துண்டு சற்றே அசைந்து, திரும்பி, இரண்டு தளங்களுக்கும் நேராக வந்து அமர்ந்தது. தொட்டவர் எவருமில்லை. உருகிய பற்றாசின் பரப்பிழுவை தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ள முயலும்போது, மிதக்கும் உறுப்பை இடத்துக்கு இழுத்துவிடுகின்றது. நீர்த்துளியை உருண்டையாக்கும் விசையும் இதுவே. ஒரு முனை முந்தி உருகி மறுமுனை பிந்தினால், அதே விசை உறுப்பை ஒரு பக்கமாக இழுத்து நெட்டுக்குத்தாக நிறுத்திவிடும். ஆங்கிலேயர் அதற்குக் கல்லறைக் கல் என்று பெயரிட்டனர். நாம் நடுகல் எனலாம். இருபுறமும் ஒத்த சூடு கொடுப்பவன் கையில் நடுகல் எழுவதில்லை.

பெயர்ந்துபோன தளத்துக்கு, மயிரினும் மெல்லிய பூச்சுக் கம்பியொன்றை எடுத்து, அதன் முனைப் பூச்சைச் சுரண்டி, செம்புத் தடத்தின் எஞ்சிய நுனியிலிருந்து உறுப்பின் முனைவரை பாலமிட்டார். அதற்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றது. பிறர் ஒரு நொடியிற் செய்த அவசரத்துக்கு அவர் தம் மாலைப்பொழுதைக் கொடுத்தார். அவர்களைக் குறைகூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூன்றாம் மாலை, கடினமான வேலை எஞ்சியிருந்தது. மின்வழங்கலை ஆளும் சிப்பின் அடியிலும் களிம்பு புகுந்திருந்தது. அத்தகைய சிப்புகளுக்குப் பக்கவாட்டிற் கால்கள் இல்லை. அடிப்பரப்பில் வரிசை வரிசையாகப் பற்றாசு உருண்டைகள் மட்டும் உண்டு. ஒட்டும் இடம் கண்ணுக்குத் தெரியாது. சிப்பைக் கழற்றி, இருபுறமும் துப்புரவாக்கி, நுண்துளைத் தகட்டின்வழியே புதிய உருண்டைகளை அமைத்து, மீண்டும் இடத்தில் வைத்துச் சூடாக்கினார். எல்லா உருண்டைகளும் உருகினவா என்பதை எப்படி அறிவது? சாமண நுனியாற் சிப்பின் ஓரத்தை மிக மெதுவாகத் தட்டினார். அது மயிரிழை அசைந்து, உடனே தன் இடத்துக்கு மீண்டது. “ஊஞ்சல் மாதிரித் திரும்பி வந்தால் எல்லாம் உருகிவிட்டது” என்றார். காணவியலாததைக் கை உணரும் அறிவு அது. ஏட்டிற் படித்து வருவதன்று.

உமித்தணலும் ஊதுகுழலும்

நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து நகை திருத்தும் பொற்கொல்லர் ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அறுந்த சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்து வைத்து, வெண்காரம் தடவி, பொன்னிற் பிற உலோகம் கலந்த பொடியை இட்டு, உமித்தணலின் சுவாலையை ஊதுகுழலாற் கூர்மையாக்கி அவ்விடத்திற் செலுத்துவார். பொடி மினுங்கி ஓடியதும் ஊதுவதை நிறுத்திவிடுவார். ஒட்டிய இடம் தெரியாது. வெளியே தெரியாமல் உட்பொருள் வைத்துப் பேசுவதைப் ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்று நம்மவர் வழங்குவது இதனாலேயே என்பர்.

இளைஞரின் மேசையிலே வெண்காரத்துக்குப் பதில் பிளக்ஸ். ஊதுகுழலுக்குப் பதில் வெப்பக் காற்றுக் குழாய். உமித்தணலுக்குப் பதில் மின்சூடு. கருவிகள் மாறின, தொழிலின் அறம் மாறவில்லை. தூய்மையில்லாத இடத்தில் ஒட்டு ஏற்படாது. சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் ஒட்டப்படும் பொருளே கெடும். இவற்றிலும் முதன்மையான உண்மையொன்று உண்டு. பற்றாசு, தான் இணைக்கும் பொருள்களைவிட முந்தி உருகவேண்டும். பொன்னை உருக்காமலே பொன்னைச் சேர்ப்பதும், செம்பை வருத்தாமலே செம்பைச் சேர்ப்பதும் அதன் இயல்பு. அதனாலேயே, எச்சூட்டினால் ஒட்டப்பட்டதோ அதே சூட்டினால் அதனைத் திரும்பப் பிரிக்கவும் இயலும். ஆணி அறைந்தால் துளை எஞ்சும். கடும்பசை பூசினாற் கிழித்தே எடுக்கவேண்டும். பற்றாசு ஒன்றுதான், ‘வேண்டுமாயின் நான் விலகிக்கொள்கிறேன்’ என்று சொல்லி இணைக்கும் பொருள்.

ஆகவே, பற்றாசினாற் செய்யப்பட்ட பொருள் திருத்தத்தக்க பொருளாகும். அதனைத் திருத்தலாகாது என்று சொல்வது பொருளின் குற்றமன்று. கையின்மீது நம்பிக்கை இழந்தவரின் குற்றம்.

கைவினைஞரும் கட்டளைகளும்

இந்த நம்பிக்கையின்மை எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே வாழும் ஜெசா ஜோன்ஸ் என்னும் பெண்மணி மரபியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நான்கு பிள்ளைகளின் தாய். பிள்ளைகள் மலசலக் குழிக்குள் போட்ட கைத்தொலைபேசியை மீட்க முயன்றதே அவரை நுண்பற்றாசு வேலைக்குக் கொண்டுவந்தது. 2016 இல் ஐபோன் 6 பிளஸ் என்னும் தொலைபேசிகள் பலவற்றில், திரையின் மேற்புறம் சாம்பல் நிறக் கோடுகள் துடிப்பதும், தொடுகைக்குத் திரை செவிசாயாதிருப்பதுமான நோய் தோன்றியது. தொடுகையை ஆளும் சிப்புகளின் அடியிலுள்ள பற்றாசு உருண்டைகள், தொலைபேசி நாள்தோறும் சிறிது சிறிதாக வளைவதாற் பிளந்துபோவதே காரணம் என்று அவரும் அவரைப் போன்ற தனிப்பட்ட திருத்துநரும் எடுத்துக்காட்டினர்; சிப்பை மாற்றி ஒட்டி நோயைத் தீர்த்தும் வந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அப்பிள் நிறுவனம், கடினமான தரையிற் பலமுறை விழுந்து அழுத்தத்துக்குள்ளானவற்றிலேயே இது நேர்கிறது என்று கூறி, 149 டொலருக்குத் திருத்திக் கொடுக்கும் ஏற்பாடொன்றை அறிவித்தது. நோயின் மூலத்தை நுணுக்குக்காட்டியின் கீழே கண்டு சொன்னவர்களுள் வீட்டு மேசையிலிருந்து தொழில் கற்ற ஒரு தாயும் இருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நியூ யோர்க் மாநிலத்தில் 2022 டிசெம்பரிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 இலும், பாவனையாளர் தம் பொருள்களைத் திருத்திக்கொள்ளும் உரிமையைப் பேணும் சட்டங்கள் எழுந்தமைக்கு இத்தகையோரின் முயற்சியும் ஒரு காரணமாகும். தேவையும் பெரிது. 2024 இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் அறிக்கையின்படி, 2022 இல் உலகம் கழித்த இலத்திரனியற் குப்பை 6 கோடியே 20 இலட்சம் தொன்; அதில் முறைப்படி சேர்த்து மீள்பயன் கொள்ளப்பட்டது 22.3 வீதமே. அதே 2022 இல் நமது நாட்டில் அந்நியச் செலாவணி வரண்டு, அமெரிக்க டொலரின் பெறுமதி சில வாரங்களில் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. ‘புதிதாக ஒன்று வாங்குங்கள்’ என்னும் அறிவுரை எத்தனை குடும்பங்களுக்கு இயலாத அறிவுரை என்பதை அவ்வாண்டு எல்லோருக்கும் கற்பித்தது.

இதனால் இத்தொழில் இன்பமே நிறைந்தது என எண்ணற்க. பிளக்ஸ் புகை நெடுங்காலம் சுவாசித்தால் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. பழைய பற்றாசிலுள்ள ஈயம் விரலில் ஒட்டி உணவோடு வயிற்றுக்குள் செல்லும். இளைஞர் புகையை வெளியே இழுக்கும் விசிறி வைத்திருந்தார். கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடவில்லை. எனினும், நாள் முழுவதும் நுணுக்குக்காட்டிக்குக் குனியும் கழுத்துக்கு அவரிடம் மருந்து இல்லை. எல்லாப் பலகையும் எழுவதுமில்லை. அவரது மேசையின் கீழே ஒரு பெட்டி நிறைய எழாதவை கிடந்தன. “அவைதான் எனக்குப் படிப்பும், உதிரிப் பாகமும்” என்று சிரித்தார்.

குரல் கேட்டது

மூன்றாம் மாலை ஏழு மணியளவில் மின்வழங்கியின் முள் ஏறி இறங்கி ஏறியது. திரையில் ஒளி வந்தது. என் விரல்கள் நடுங்கின. கடவு எண்ணை இரண்டு முறை பிழையாக அழுத்தினேன். பின்னர் அண்ணாவியாரின் குரல் அச்சிறு கடையை நிறைத்தது. பாடலுக்கு முன் அவர் செருமிக்கொள்வதும், திண்ணைக்கு அப்பால் கோழி கொக்கரிப்பதும்கூடக் கேட்டன. நுணுக்குக்காட்டியிலிருந்து முகத்தை எடுத்து, அவ்விளைஞர் பாட்டு முடியும்வரை பேசாதிருந்தார்.

“ஐயா, இதை இன்றைக்கே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கோ. தண்ணீர் போன போட் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று சொல்ல ஏலாது. நான் உங்களுக்கு நேரம்தான் வாங்கித் தந்திருக்கிறேன்” என்றார்.

அவர் கேட்ட கூலி ஒரு சோடி நல்ல செருப்பின் விலைக்குக் குறைவு. அன்றிரவே மூன்று பிரதிகள் எடுத்தேன்; ஒன்று அண்ணாவியாரின் பேரப்பிள்ளைகளிடம் இருக்கின்றது. தொலைபேசி நான்கு மாதம் உழைத்துப் பின்னர் ஓய்ந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

வெண்பாவில் ஆசாக வந்த அசைக்குத் தனிப்பெருமை எதுவுமில்லை. படிப்பவர் அதனைக் கவனிப்பதுமில்லை. ஆனால் அஃதில்லையேல் முன்னடியும் பின்னடியும் விட்டிசைத்து, பாட்டு அறுந்துபோகும். போனவரின் குரலுக்கும் வரப்போகும் பிள்ளைகளின் செவிக்கும் நடுவே, என் சோம்பலினால் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அவ்விடைவெளியில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த பற்றாசை இட்டு நிரப்பியது, பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத ஒரு கடையின் பொறுமையான கை. அந்தக் கைகள் நமது பட்டினங்களில் இன்னும் இருக்கின்றன. பழுதென்று ஒன்றை எறியுமுன், அவர்களிடம் ஒருமுறை காட்டிக் கேட்போமாக.